ஓர் அடுப்பு, ஒரு குடும்பம்

நில அளவை படிக்கப் போகிறேன் என்று முடிவான கிழமை, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் லிஃப்டுக்குள் ஒரு மாமி என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். "ஏன் பிள்ளை, மெடிசினுக்கு ரிசல்ட்ஸ் காணாதோ?" என்று கேட்டார். காணாதுதான், புள்ளி போதவில்லை. ஆனால் அதை மூன்றாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் இடையில் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. "இல்லை மாமி, எனக்கு இதுதான் விருப்பம்" என்றேன். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. விருப்பம் பிறகுதான் வந்தது. வந்தபோது அளவுக்கு மீறி வந்தது.

மூன்று கால்களில் நிற்கும் கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்து, தூரத்தில் சக மாணவர் பிடித்திருக்கும் கம்பத்தை அளப்போம். ஒரு புள்ளியில் தொடங்கி வயல், வாய்க்கால், பள்ளிக்கூட மதில் எல்லாவற்றையும் சுற்றிவந்து தொடங்கிய புள்ளியிலேயே முடிப்போம். கணக்கு முழுக்கச் சரியென்றால் தொடக்கமும் முடிவும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். ஒரு நாளும் அப்படிப் பொருந்தாது. அந்த இடைவெளிதான் எங்கள் பிழை. மற்றக் குழுக்களுக்கு விரலகலம் வந்தால் எங்கள் குழுவுக்கு நகத்தளவு வரும். பிழை விடாதவள் என்று எங்கள் பட்ச்சில் எனக்குப் பெயர். பெடியன்கள் அதைக் கேலியாகத்தான் சொன்னார்கள், நான் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். தலைக்கனம் என்று அம்மா சொல்வார். இருந்தது, மறுக்கமாட்டேன்.

மூன்றாம் வருட முடிவில் எங்களை ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்கு அனுப்புவார்கள். எனக்கு ஒரு தனியார் அளவைக் கம்பனி கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தை அளக்கும் வேலையை அது அப்போது எடுத்திருந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒழுங்கைகள், அவற்றின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு சாய்த்துக் கட்டிய வீடுகள். அரசாங்கம் அந்த இடத்தை வெறுமையாக்கி, அங்கிருக்கும் சனங்களை மாடிவீடுகளுக்கு மாற்றப் போகிறது. எந்த வீட்டில் எத்தனை குடும்பம் என்று, வீடு கொடுக்கும் அரசாங்கக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, கம்பனி பட்டியல் கொடுக்கும். பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு ஒரு வீடு. பட்டியலில் இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. வேலை தொடங்கிய முதல் நாளே இதை எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

குடும்பம் என்றால் என்ன என்பதற்கும் கையேட்டில் ஒரு விதி இருந்தது. ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்துக்கொண்டது. அண்ணன் தம்பி, மாமியார் மருமகள், யாருக்கு யார் என்ன முறை என்ற இடியப்பச் சிக்கலுக்குள் போகத் தேவையில்லை. அடுப்பை எண்ணினால் போதும்.

அந்தத் தோட்டத்தில் தமிழ் வீடுகள் நிறைய இருந்தன. கம்பனியில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் தமிழ் வீடுகள் என் பொறுப்பாயின. என்னோடு கண்டிப் பக்கத்துச் சிங்கள மாணவி ஒருத்தி வந்தாள். அவள் வாசலில் நின்று கட்டடத்தின் இலக்கத்தை ட்ரோன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள், நான் கேள்விகளைக் கேட்டுப் பதிலை டேப்லட்டில் தொட்டு அமர்த்துவேன். ஒரு நாளைக்கு நாற்பது வீடு முடிக்க வேண்டும். இரண்டாம் நாளிலிருந்தே நாங்கள் நாற்பதைத் தாண்டினோம்.

அந்த நேரத்தில்தான் கந்தசஷ்டி வந்தது. அம்மா வருடாவருடம் ஆறு நாளும் விரதம் பிடிப்பார். அந்த வருடம் நானும் பிடித்தேன். அம்மா சொல்லிப் பிடிக்கவில்லை, எனக்கே ஒரு நேர்த்தி இருந்தது. முதல் வகுப்பில் பாஸ் பண்ண வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் அது கிடைக்கும். அந்தப் பத்துப் பேருக்குள் நான் இருக்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டேன். விடியற்காலையில் குளித்து, கோயிலுக்குப் போய், நெற்றி நிறைய விபூதியோடு ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். இரவு ஒரு நேரம் பாலும் பழமும். வெயிலில் நடக்கிற வேலைக்கு அது பைத்தியக்காரத்தனம் என்று என் கூட்டாளி சொன்னாள். சொல்லிக்கொண்டே தன் சோற்றுப் பார்சலை எனக்கு மறைவாக வைத்துத்தான் தின்றாள்.

முதல் நாள் காலை வாசலில் நின்று அம்மா சொன்னார். "போற இடத்தில கவனம். செத்த வீடு, பிள்ளை பெத்த வீடு ஒண்டுக்கும் உள்ளுக்குப் போயிடாத. துடக்கோட விரதத்தைக் கொண்டு போகேலாது."

"ஓம் அம்மா, தெரியும்" என்றேன்.

விரதத்தின் நாலாம் நாள் ஓர் ஒழுங்கையின் தொடக்கத்தில், சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. உள்ளே நாலாவதோ ஐந்தாவதோ கட்டடம். மேலிருந்து எடுத்த படத்தில் அது ஒரே தகரக் கூரை, ஆகவே ஒரே இலக்கம். தரையில் வந்து பார்த்தால் அதற்கு இரண்டு கதவு. ஒரு கதவில் அண்ணன் குடும்பம், மற்றதில் தம்பி குடும்பம். தம்பி இறந்து மூன்றாம் நாள். அண்ணனின் மனைவியை மூத்தவர் என்றும் தம்பியின் மனைவியை இளையவர் என்றும் இங்கே சொல்கிறேன். பெயர்களை எழுத எனக்கு உரிமை இல்லை.

இளையவரின் கதவு பாதி திறந்திருந்தது. தரையில் ஒரு விளக்கு, அதற்குப் பின்னால் மாலை போட்ட படம். அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எட்டு ஒன்பது வயதுப் பெண்பிள்ளை அவருடைய மடியில் தலைவைத்துக் கிடந்தது. வெளி வெளிச்சத்தில் நின்ற எனக்கு அவருடைய முகம் சரியாகத் தெரியவில்லை.

"உள்ளே போவோமா?" என்று கூட்டாளி சிங்களத்தில் கேட்டாள்.

"அப்பிட்ட யன்ன பே" என்றேன். எங்களுக்குப் போக ஏலாது என்று. என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது, பின்னுக்கு நகர்ந்து நின்றாள்.

நான் மூத்தவரின் கதவுக்குப் போனேன். அவர் ஒரு பெரிய சட்டியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே கேட்டேன். கிண்டியபடியே அவர் பதில் சொன்னார். தான், புருஷன், மூன்று பிள்ளைகள். பக்கத்தில் கொழுந்தன் பொண்டாட்டியும் மகளும். கரண்ட் மீட்டர் ஒன்றுதான், தன் புருஷன் பேரில்.

"அங்கயும் சமைக்கிறவையோ அக்கா?"

"அங்க அடுப்பு மூட்டல மிஸ். நான்தான் ஆக்கிக் குடுக்குறேன்."

"அப்ப ரெண்டு பக்கத்துக்கும் சமையல் இங்கதான்?"

"ஆமா மிஸ், இங்கதான்."

டேப்லட்டில் கேள்வி இப்படி இருந்தது: இந்தக் கட்டடத்தில் தனியாகச் சமைக்கும் வேறு குடும்பம் உண்டா? நான் இல்லை என்பதை அமர்த்தினேன். அமர்த்தியவுடன் அதற்குக் கீழே இருந்த பத்துப் பன்னிரண்டு கேள்விகளும் மறைந்துபோயின. இரண்டாவது குடும்பத்துக்கு உரிய கேள்விகள் அவை. குடும்பம் ஒன்று, ஆட்கள் ஏழு. நிமிர்ந்து அடுத்த கட்டடத்தின் கதவைப் பார்த்தேன். தண்ணீர்த் தாகமும் வெயிலுமாக இருந்த எனக்கு அந்தக் கேள்விகள் மறைந்தது ஆறுதலாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

சாவு விழுந்த வீட்டில் சில நாட்களுக்கு அடுப்பு மூட்டுவதில்லை என்பது எனக்குத் தெரியாதா? எங்கள் பெரியப்பா எங்கள் வீட்டிலேயே இறந்தபோது மூன்று நாள் சாப்பாடு எதிர்வீட்டிலிருந்துதான் வந்தது. எந்தப் பாத்திரத்தில் என்ன வந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. சிங்களச் சனத்துக்கும் இந்த வழக்கம் உண்டு, என் கூட்டாளியும் அறிவாள். ஆனால் அவள் தமிழில் நடந்த பேச்சைக் கேட்டு விளங்கியவள் அல்ல. விளங்கியவள் நான். செத்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்ற பாதி வழக்கத்தை எனக்காகக் கவனமாக நினைவில் வைத்திருந்தேன். அங்கே அடுப்பு எரியாது என்ற மற்றப் பாதியை அவருக்காக நினைக்கவில்லை. விரதம் என்னுடையது, சாவு அவருடையது. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

அன்று பின்னேரம் நாற்பத்துமூன்று வீட்டோடு கம்பனிக்குத் திரும்பினோம். ஆறாம் நாள் சூரன்போர் பார்த்தேன், மறுநாள் பாறணை செய்து விரதத்தை முடித்தேன். பயிற்சி அறிக்கைக்கு நல்ல புள்ளி வந்தது. அந்தக் கட்டடத்தை அத்தோடு மறந்துவிட்டேன்.

இறுதி வருடத்தில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடியபோது அந்தத் தோட்டம் திரும்ப வந்தது. அங்கிருந்த சனங்களை அதற்குள் மாடிவீடுகளுக்கு மாற்றியிருந்தார்கள். பழைய வீட்டிலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம், புதிய வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் காட்டலாம் என்றேன். என்னை மேற்பார்வை செய்த விரிவுரையாளருக்கு அது பிடித்தது. கம்பனியும் என் பழைய தரவைப் பாவிக்க அனுமதி கொடுத்தது. கையில் பட்டியலோடு நான் அந்த மாடிவீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். லிஃப்ட் இருந்தது, பாதி நாள் வேலை செய்யாது. சாமான் பைகளோடு ஏறுகிற சனங்களோடு சேர்ந்து நானும் ஏறினேன். பழைய இடத்தில் கதவைத் திறந்தால் ஒழுங்கை, இங்கே கதவைத் திறந்தால் இன்னொரு மூடிய கதவு. ஒரு கிழமையில் எத்தனையோ பேர் இதையே சொன்னார்கள். நான் அதைத் தனி நிரலாக எழுதிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒன்பதாம் மாடியில் ஒரு கதவைத் தட்டினேன். திறந்தவர் மூத்தவர். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. பட்டியலைப் பார்த்துக் கேட்டேன். குடும்பம் ஒன்று, ஆட்கள் ஏழு, சரிதானே?

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். வரவேற்பறையையும் உடுப்புக் காயப்போடும் சின்னப் பல்கனியையும் பிரித்து ஒரு சேலை கட்டியிருந்தது. சேலையை விலக்கிக்கொண்டு இளையவர் வந்தார். பல்கனியில் ஒரு பாய், அதன்மேல் பள்ளிக்கூடப் பை, சுவரில் மாலை போட்ட அதே படம். படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு வெள்ளைக் கொடியும் பெரிய சட்டியும் நினைவுக்கு வந்தன.

"எங்களுக்கு வீடு வரல மிஸ்" என்றார். "எல்லாருக்கும் சாவி குடுத்த அன்னிக்கு நானும் போயி வரிசையில நின்னேன். பேரு இல்லன்னுட்டாங்க. மச்சாண்டார் குடும்பத்தோட சேத்துப் போட்டிருக்காம். நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து தனியாத்தான் ஆக்கித் தின்னேன். கேஸ் கெடைக்காத காலத்துல அவரு மண்ணெண்ண அடுப்பு வாங்கிக் குடுத்தாரு. யாரு என்னத்த எழுதினாங்களோ தெரியல."

கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் வேலை அவருக்கு. காலையில் நாலரைக்கு எழுந்து மற்றவர்களைத் தாண்டிக்கொண்டு குளியலறைக்குப் போக வேண்டும். மூத்தவரின் மூத்த மகன் வளர்ந்துவிட்டான். தன் மகளுக்கும் வயது வரப் போகிறது. சேலையை எத்தனை நாளைக்குக் கட்டுவது? மூத்தவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் போன்னு சொல்லல. ஆனா எனக்கும் எடமில்ல மிஸ்" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பு ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கறி பரிமாறிக்கொண்டவர்கள். இப்போது ஒரே குசினியில் யார் முதலில் சமைப்பது என்று முகம் பார்க்காமல் இருக்கிறார்கள்.

யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை. பட்டியலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் அந்த வரிக்கு நேரே என் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன.

"நீங்க படிச்சவங்க. கந்தோருக்கு ஒரு லெட்டர் எழுதித் தருவீங்களா?" என்று இளையவர் கேட்டார்.

"எழுதித் தாறன் அக்கா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கும்பிடுவதுபோல நெற்றியில் ஒற்றிக்கொண்டார். நான் ஒன்பது மாடியும் இறங்கி ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். நான் துடக்குக்குப் பயந்து வாசலில் நின்ற கதை என்பதால், அம்மாவோடு சண்டை பிடிக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. அம்மா, "உள்ளுக்குப் போகாத எண்டுதான் சொன்னனான். கேக்காத எண்டு சொன்னனானோ?" என்றார். சண்டை பிடிக்க வழியில்லாமல் போனது.

அடுத்த கிழமை விரிவுரையாளரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், கடைசிவரை கேட்டார். "இப்படிப் பிழை வரும். எந்த சர்வேயிலும் வரும். ஆய்வின் குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு வரி போடுங்கோ" என்றார். கந்தோருக்குக் கடிதம் எழுதுவது பற்றிக் கேட்டேன். "எழுதத்தான் வேணும். ஆனா வாய்மொழிப் பரீட்சை முடியட்டும். இப்ப நீங்களே உங்கட தரவு பிழை எண்டு எழுதினால் ஆய்வு முழுக்கத் தொங்கும்" என்றார்.

அவர் என்னைத் தடுக்கவில்லை. காத்திருக்கலாம் என்று ஒரு வழி சொன்னார், அவ்வளவுதான். நான் அந்த வழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் சேலைக்குப் பின்னால் இரண்டு பேர் படுத்தெழும்பிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தே வரைபடங்களுக்கு நிறம் பூசினேன். குறைபாடுகள் பகுதியில் ஒரு வரி போட்டேன். சில சந்தர்ப்பங்களில் குடும்பங்களின் எண்ணிக்கை குறைவாகப் பதியப்பட்டிருக்கக்கூடும் என்று. எவ்வளவு சுத்தமான வசனம்! பரீட்சகர்கள் அந்த வரியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வரைபடங்களைப் புகழ்ந்தார்கள். எனக்கு முதல் வகுப்புக் கிடைத்தது. நான் கேட்டதை முருகன் குறையில்லாமல் கொடுத்தார்.

பிறகு கடிதம் எழுதினேன். என் கூட்டாளியைக் கூப்பிட்டு அதைச் சிங்களத்தில் எழுதுவித்தேன். எழுதும்போது அவள் ஓரிடத்தில் பேனையை நிறுத்தி, "அன்றைக்கு நான் உள்ளே போவோமா என்று கேட்டேன், இல்லையா?" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை, தன் நினைவு சரியா என்று பார்க்கிறாள். ஓம் என்றேன். அவளும் கையெழுத்துப் போட்டாள். அடுப்பு மூட்டாத காரணத்தையும், நான் உள்ளே போகாத காரணத்தையும் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதியிருந்தோம்.

கந்தோரில் கடிதத்தை வாங்கிய அதிகாரி அதை இரண்டு முறை வாசித்தார். எரிந்து விழவில்லை. "பிழையை ஒப்புக்கொண்டு வந்த ஆட்களை நான் கண்டதில்லை, நங்கி" என்று என்னைத் தங்கச்சியாக்கிச் சொன்னார். கடிதத்தை மட்டும் வைத்துப் பட்டியலை மாற்ற முடியாது, மறுபடி ஆள் அனுப்பிப் பார்ப்போம் என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று மருதானையில் பஸ் மாறும்போது பல மாதங்களுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. ஒரு கடையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு மாதத்துக்குள் ஆள் அனுப்பினார்கள். இரண்டு பேர், கையில் டேப்லட், பயிற்சிக்கு வந்த பிள்ளைகள். இந்த முறை அவர்கள் உள்ளே போனார்கள். சேலையைப் பார்த்தார்கள், பாயைப் பார்த்தார்கள், குசினிக்குள்ளும் போய்ப் பார்த்தார்கள். குசினியில் ஒரு அடுப்பு இருந்தது. மாடிவீட்டில் ஒரு அடுப்புக்குத்தான் இடமுண்டு. மண்ணெண்ணெய் அடுப்பை மேலே கொண்டுவரக் கூடாது என்று குடிவந்த அன்றே வாசலில் நிறுத்தியிருந்தார்கள். இளையவர் அதைப் பழைய இரும்பு வாங்குபவனுக்குக் கொடுத்துவிட்டாராம். பிள்ளைகள் விதிப்படி கேட்டார்கள். எல்லோருக்கும் சமையல் இந்த அடுப்பில்தானா? பொய் சொல்லத் தெரியாத மனுசிகள், ஆமாம் என்றார்கள்.

கந்தோரிலிருந்து எனக்கும் ஒரு பிரதி வந்தது. நேரில் பரிசோதிக்கப்பட்டது. ஒரே அடுப்பு, ஒரே குடும்பம். பட்டியலில் மாற்றமில்லை.

நான் எழுதியபோது அது பொய். அந்தப் பொய்யை நம்பி அவரை அந்த வீட்டுக்குள் அனுப்பினார்கள், அந்த வீடு பொய்யை உண்மையாக்கிவிட்டது. அதிகாரியிடம் ஓடினேன், இதைச் சொன்னேன், குரலை உயர்த்தியும் சொன்னேன். "இரண்டு தடவை ஒரே பதில் வந்திருக்கிறது, நங்கி. நான் எதை வைத்து மாற்றுவது?" என்றார். அந்தத் தொடர்மாடியில் ஒரு வீடும் மிச்சமில்லை என்றும் சொன்னார். காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்றில் இளையவரின் பெயரை என் கண்முன்னே எழுதினார். அதற்கு எத்தனை வருடம் என்று கேட்டேன். பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

இதைச் சொல்ல இளையவரிடம் போனேன். வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து, ஒன்பதாம் மாடிப் படிக்கட்டில் காத்திருந்தேன். லிஃப்ட் அன்றும் இல்லை. மேல்மூச்சு வாங்க ஏறி வந்தவர் என்னைக் கண்டதும் சிரித்து, என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். கந்தோர் சொன்னதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்தவர் போல இருந்தது. டுபாய்க்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். மகளை மூத்தவர் பார்த்துக்கொள்வார். ஒரு ஆள் குறைந்தால் பல்கனியில் பிள்ளைக்குத் தாராளமாக இடமிருக்கும் என்றார்.

அதற்கு மேலும் ஒளித்து வைத்திருக்க என்னால் முடியவில்லை.

"அக்கா, அண்டைக்கு எழுதினது நான்தான்" என்றேன். "உங்கட வாசலுக்கு வந்து, உள்ளுக்கு வராமல், உங்களைக் கேக்காமல், நான்தான் பிழையா எழுதினனான்."

"தெரியும் மிஸ்."

"என்ன தெரியும்?"

"வாசல்ல நின்னது நீங்கதான்னு. மொத தடவ இங்க வந்து கதவத் தட்டினப்பவே தெரிஞ்சிருச்சு."

"ஏன் அக்கா சொல்லேல்ல?"

"என்னத்த சொல்லச் சொல்றீங்க? நீங்க லெட்டர் எழுதித் தாறேன்னீங்க. இவ்வளவு அலைஞ்சீங்க." காலணியைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "அன்னிக்கு, துக்கம் கேக்க யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சேன். புள்ளைய மடியிலேருந்து எறக்கிப் படுக்க வச்சிட்டு, உள்ள வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அடுப்பு என் பக்கத்துலதான் இருந்திச்சு. கழுவித் தொடச்சி ஓரமா வச்சிருந்தேன். வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

பிறகு அவர் கேட்டார்.

"நெத்தி நெறைய விபூதி இருந்திச்சே. சஷ்டிக்கு வெரதமா இருந்தீங்களா?"

"ஓம்."

"அப்ப எப்பிடி மிஸ் வருவீங்க? சாவு வீட்டுக்குள்ள வரக் கூடாதுதானே" என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து, எனக்கு ஆறுதல் சொல்வதற்காகவே சொன்னார். நான் படியில் இருந்தபடியே வாய்விட்டு அழுதேன். கீழே யாரோ பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறிவந்தார்கள், வழிவிட நாங்கள் இருவரும் சுவரோடு ஒதுங்கினோம். வேலைக்குக் கொண்டுபோன போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை அவர் என் கையில் ஊற்றி முகத்தைக் கழுவச் சொன்னார். அடுத்த மாதம் அவர் டுபாய்க்குப் போய்விட்டார்.